போன் மட்டும் வைத்துக்கொண்டு சினிமாவின் காட்சி மொழியை வீட்டிலேயே கற்றுக்கொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். கேமரா, லென்ஸ் எல்லாம் அப்புறம். முதலில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதை எடுத்து, எடிட் செய்து பாருங்கள்.

நான் ரங்கூன்காரன். முதன்முதலில் எடுத்தது, எங்கள் வீட்டு வாசலில் அப்பத்தாவும் அத்தையும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பேசியதைத்தான். அப்பத்தாவைத் தெருப் பக்கம் நின்று எடுத்தேன், அத்தையை வீட்டுக்குள்ளிருந்து எடுத்தேன். சேர்த்து ஓட்டினால் இரண்டு பேருமே வலது பக்கம் பார்க்கிறார்கள்! அப்பத்தா பார்த்துவிட்டு, "ஏண்டா, நாங்க ரெண்டு பேரும் யாரப் பாத்துப் பேசிக்கிட்டு இருக்கோம்?" என்றார்.

180 டிகிரி விதி என்பது இதுதான். பேசும் இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, கேமராவை அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். மறுநாள் இருவரையும் தெருப் பக்கமிருந்தே எடுத்தேன், அப்பத்தா வலது பக்கம் பார்க்க அத்தை இடது பக்கம் பார்க்க, பேச்சு தானாகச் சேர்ந்துகொண்டது. கோட்டைத் தாண்டியே ஆக வேண்டுமென்றால் நடுவில் கீரை ஆயும் கைகளை க்ளோசப்பில் போடுங்கள், கண் உறுத்தாது. ஒரே ஆளை அடுத்தடுத்த ஷாட்டில் காட்டும்போது கேமராவைக் குறைந்தது 30 டிகிரியாவது நகர்த்துங்கள், இல்லாவிட்டால் படம் துள்ளும்.

போனில் ஃபோகஸையும் வெளிச்சத்தையும் விரலால் அழுத்திப் பிடித்து லாக் செய்துவிடுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ட்யூப்லைட்டில் எடுத்தால் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமிலும் வெளிச்சம் விழும் நேரத்தை, 1/50 விநாடி வையுங்கள், மினுக்கல் வராது.

சரி, எனக்கு இதில் மிகவும் பிடித்த பயிற்சி ஒன்று உண்டு. சுமார் நூறு வருடங்களுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு நடிகரின் ஒரே முகத்தை சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார், பார்த்தவர்களுக்கு அந்த ஒரே முகத்தில் பசியும் துக்கமும் தெரிந்தன. நானும் அப்பத்தா பேசாமல் குனிந்திருக்கும் நாலு விநாடித் துண்டை எடுத்து, ஒருமுறை கீரைக்குப் பின்னால் போட்டேன், இன்னொரு முறை மாலை போட்ட தாத்தா படத்துக்குப் பின்னால். முதலாவதைப் பார்த்து அத்தை, "கீரையில பூச்சி பாக்குறாங்க" என்றார். இரண்டாவதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "அம்மா எப்படா அழுதாங்க?" என்று கேட்டார்.