கேளுங்கள், சொல்கிறோம்: ஸ்மோக்கி மலையில் ராத்தங்கப் பெர்மிட்

கேள்வி: மகன் அமெரிக்காவில் ஷார்லட் நகரில் இருக்கிறான். அக்டோபரில் நாங்கள் போகும்போது, கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவில் மூன்று இரவு மலையிலேயே தங்கி நடக்கலாம் என்கிறான். நான், மனைவி, மகன், மருமகள் என நால்வர். அந்தப் பூங்காவுக்குக் கட்டணமே கிடையாது என்கிறார் ஒருவர். பெர்மிட் இல்லாமல் விடமாட்டார்கள் என்கிறார் இன்னொருவர். எது சரி?
– வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டும் சரிதான். உள்ளே போக நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் 2023 மார்ச்சிலிருந்து, கால் மணி நேரத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் பார்க்கிங் வில்லை வாங்க வேண்டும். நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, வருஷத்துக்கு 40. ஒரு வில்லை ஒரு வண்டிக்குத்தான். எல்லாத் தேசியப் பூங்காவுக்குமான வருடாந்தர பாஸ் மகனிடம் இருந்தாலும், இந்த வில்லைக்குப் பதிலாக அது செல்லாது.

மலையில் தங்கும் பெர்மிட் தனிக்கணக்கு. ஆளுக்கு இரவுக்கு 8 டாலர். நால்வருக்கு மூன்று இரவென்றால் 96 டாலர். ஓர் ஆளுக்கு உச்ச வரம்பு 40 டாலர். ஏழு இரவு வரை தங்கினாலும் அவ்வளவுதான். கட்டிய பணம் திரும்பி வராது.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில். பெர்மிட்டில் எந்தத் தேதி இரவு எந்த ஷெல்டர் (தடத்து ஓரத்துத் தங்குகொட்டகை) என்று வரிசையாக எழுதியிருக்கும். முழங்கால் வலிக்கிறது என்று வழியிலுள்ள வேறு ஷெல்டரில் படுத்துவிட முடியாது. ஒரு ஷெல்டரில் பெரும்பாலும் 12 அல்லது 14 பேருக்குத்தான் இடம். அந்த இடத்துக்கு வேறு ஆள் பணம் கட்டியிருப்பார். ஷெல்டருக்குப் பக்கத்தில் டென்ட் அடிக்கவும் உங்களுக்கு அனுமதி கிடையாது. ஒரே ஷெல்டரில் அடுத்தடுத்து இரண்டு இரவு தங்கவும் முடியாது. ஆகவே முதலில் கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவரை வைத்துத் தினசரித் தூரத்தைப் போடுங்கள். இணையத்தில் தேதி தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் நால்வருக்கு நாங்கள் சொல்லும் வழி, இந்தப் பூங்கா வழியாகப் போகும் நெடுந்தூர நடைபாதையான அப்பலாச்சியன் தடத்தின் ஒரு துண்டு. நியூஃபவுண்ட் கேப் என்ற கணவாய் வரை கார் போகும். அது 5,046 அடி உயரம். முதல் நாள் அங்கிருந்து ஐஸ்வாட்டர் ஸ்பிரிங் ஷெல்டருக்கு 5 கிலோமீட்டர், ஏற்றம்தான். இரண்டாம் நாள் பெக்ஸ் கார்னர், ஏறத்தாழ 12 கிலோமீட்டர். போகிற வழியில் சார்லிஸ் பனியன் பாறைமுகட்டில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். இந்த ஷெல்டர் தடத்தை விட்டு அரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் கீழே இருக்கிறது. மறுநாள் காலை அதை ஏறி வர வேண்டும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் டிரைகார்னர் நாப், 9 கிலோமீட்டர். நான்காம் நாள்தான் நீளம்: காஸ்பி நாப் ஷெல்டரைத் தாண்டி, லோ கேப் வழியாகக் காஸ்பி முகாமுக்கு இறங்க 18 கிலோமீட்டர் ஆகும். அது கடினம் என்று தோன்றினால், நான்காம் இரவைக் காஸ்பி நாப்பில் போட்டு ஐந்தாம் நாள் நிதானமாக இறங்குங்கள். நால்வருக்கு 32 டாலர் கூடும். ஐம்பது தாண்டியவர்களுக்கு அதைத்தான் சொல்வோம்.

பதிவு 30 நாளுக்கு முன்புதான் திறக்கும். அக்டோபரில் இலை நிறம் மாறும் காலம். வெள்ளி, சனி இரவுகளை எதிர்பார்க்காதீர்கள், ஞாயிறு அல்லது திங்களன்று கிளம்புங்கள். பூங்காவின் பெர்மிட் இணையதளத்தில் முதலில் ஐஸ்வாட்டர் ஸ்பிரிங்கைப் பாருங்கள். சாலைக்கு அருகில் இருப்பதால் முதலில் நிரம்புவது அதுதான். அங்கே நால்வருக்கு இடம் இருக்கும் தேதியைப் பிடித்து, அதிலிருந்து மற்ற இரவுகளைக் கோத்துக்கொண்டு போக வேண்டும். நடுவில் ஓர் இரவு கிடைக்காவிட்டால் மொத்த வரிசையையும் ஒரு நாள் தள்ளிப் பாருங்கள். கூட்டத் தலைவர் பெயர், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் எண், வண்டி விவரம் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். குழப்பம் இருந்தால் சுகர்லேண்ட்ஸ் தகவல் மையத்தில் இதற்கென்றே அலுவலகம் இருக்கிறது. திட்டத்தைச் சொன்னால் தூரம் சரியா என்று பார்த்துச் சொல்வார்கள். பெர்மிட்டைத் தாளில் அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள். மலையில் சிக்னலை நம்ப முடியாது.

இன்னொன்று: ஏறும் இடமும் இறங்கும் இடமும் வேறு. மகன் காரைக் காஸ்பியில் விட்டுவிட்டு, வாடகை வண்டியில் நியூஃபவுண்ட் கேப் போவதுதான் தோது. அந்த வண்டிக்கும் முன்பதிவு வேண்டும். பெர்மிட் கையில் வந்த அன்றே அதையும் முடித்துவிடுங்கள்.

கேள்வி: ஷெல்டர் என்கிறீர்களே, அது அறையா? கதவு, கழிப்பறை உண்டா? முறுக்கு, சீடை கொண்டுபோகலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: கதவே கிடையாது, ஆச்சி. நம் வீட்டு முகப்புத் திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள்: மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு. உள்ளே கீழும் மேலுமாக இரண்டு தட்டுப் பலகை. அதில் ஆணும் பெண்ணும் முன்பின் தெரியாதவர்களும் வரிசையாகப் படுப்பார்கள். பாயும் ஸ்லீப்பிங் பேக்கும் நம்முடையது. 5,900 அடி உயரத்தில் அக்டோபர் இரவு உறைநிலை வரை போகக்கூடும், அதற்கேற்ற பேக் வாங்குங்கள். கழிப்பறை எல்லா ஷெல்டரிலும் இல்லை. இல்லாத இடத்தில் தண்ணீருக்கும் தங்குமிடத்துக்கும் நூறடி தள்ளி, ஆறு அங்குலக் குழி தோண்டி மூடிவிட வேண்டும். அதற்குச் சின்னக் கைக்கொத்து எடுத்துப்போங்கள். ஊற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து அல்லது வடிகட்டித்தான் குடிக்க வேண்டும்.

முறுக்கும் சீப்புச் சீடையும் தாராளமாகக் கொண்டுபோகலாம்; எண்ணெய்ப் பலகாரம் எடைக்கு நல்ல தெம்பு தரும், கெடவும் கெடாது. ஆனால் அது கருங்கரடி உலவும் காடு. ஒவ்வொரு தங்குமிடத்திலும் கம்பி, கப்பி போட்டுவைத்திருக்கிறார்கள். பலகாரம், பருப்புப்பொடி, ஊறுகாய் மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, தலைவலித் தைலம் என வாசனை உள்ள எல்லாமே ஒரே பையில் போய் இரவு அந்தக் கம்பியில் தொங்க வேண்டும். தலைமாட்டில் ஒரு பொட்டலம் வைத்துக்கொண்டு படுப்பதுதான் வம்பு. கரடி ஒருமுறை ருசி கண்டுவிட்டால் அந்த ஷெல்டரையே மூடிவிடுவார்கள். பின்னால் பதிவு செய்தவர்கள் பாடு திண்டாட்டம். கிளம்பும் முன் மூடப்பட்ட தங்குமிடங்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுப்புக்கான கேஸ் உருளை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் போகாது. அங்கே போய் வாங்க வேண்டியதுதான்.

கேள்வி: லெ கான்ட் மலை உச்சியில் சாப்பாட்டோடு தங்கலாமாமே? அதற்கும் இதே பெர்மிட்டா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: இல்லை. அங்கே லாட்ஜ் ஒன்று, ஷெல்டர் ஒன்று, இரண்டும் இருக்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால் மாற்றிப் பதிவு செய்துவிடுகிறார்கள். ஷெல்டருக்குத்தான் 8 டாலர் பெர்மிட். லாட்ஜ் தனி நிர்வாகம், தனிப் பதிவு, பல மாதம் முன்பே தீர்ந்துவிடும். இரண்டுக்கும் நடந்துதான் ஏற வேண்டும். லாட்ஜுக்குச் சாமான் ஏற்றுவதுகூட லாமா விலங்குகள்தான்.

கேள்வி: தம்பி அப்பலாச்சியன் தடம் முழுவதையும் நடக்கப்போகிறான். இந்தப் பூங்காவில் ஒவ்வோர் இரவுக்கும் அவன் முன்பதிவு செய்ய வேண்டுமா?
– வாசகர், பொன்னமராவதி

பதில்: வேண்டாம். பூங்கா எல்லைக்கு 50 மைல் வெளியே தொடங்கி, மறுபக்கம் 50 மைல் வெளியே முடிப்பவர்களுக்குத் தனிப் பெர்மிட் உண்டு. 40 டாலர். எடுத்த நாளிலிருந்து 38 நாள் செல்லும், பூங்காவை 8 நாளில் கடந்துவிட வேண்டும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடத்து ஷெல்டர்களில் இவர்களுக்கென்று சில இடம் ஒதுக்குவார்கள். நிரம்பிவிட்டால் பக்கத்தில் டென்ட் அடித்துக்கொள்ளலாம். இந்தச் சலுகை வாரக்கடைசி நடையாளிகளுக்குப் பொருந்தாது. தடம் 3,500 கிலோமீட்டர், ஐந்து முதல் ஏழு மாத வேலை. சுற்றுலா விசாவில் வழக்கமாக ஆறு மாதம்தான் தருவார்கள் என்பதைத் தம்பி முதலில் பார்க்கட்டும்.

கேள்வி: போவதற்கு முன் ஊரிலேயே பழகிப் பார்க்க வழி உண்டா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: நம் பக்கம் சமதரை, தெருவில் நடந்து பயனில்லை. பத்துக் கிலோ பையோடு வாரம் ஒருமுறை பிறான்மலை ஏறி இறங்குங்கள். இறக்கத்தில்தான் முழங்காலும் கால்விரல் நகமும் சொல்லும். ஷூ அரை அளவு பெரிதாக வேண்டுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். காட்டுத்தடமே வேண்டுமென்றால் தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 தடங்களை இணையப் பதிவுக்குத் திறந்தது. வழிகாட்டி கூடவே வருவார். கோடையில் காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் தேதியை அதற்கேற்பப் பாருங்கள்.