பழைய இதழ்களில் முக்காலியும் மேசையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

அப்பா திருச்சியில் புத்தக பைண்டிங் கடை வைத்திருந்தார். பசை காய்ச்சுவது, தாள் தட்டி அடுக்குவது, கட்டுப்போட்டு அழுத்துவது எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோதே எனக்குப் பழகிவிட்டன. இப்போது அதே வேலையைக் கொண்டு பழைய வார, மாத இதழ்களில் வீட்டுக்கு வேண்டிய சின்னச் சின்ன சாமான்கள் செய்கிறேன். கேட்டவர்களின் கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கோவை வாசகி: அக்கா, வீட்டில் 150 மாத இதழ்கள் கிடக்கின்றன. எடைக்குப் போட மனசு வரவில்லை. முதல் முறை செய்கிறவள் எதில் தொடங்கலாம்?

முக்காலியில் தொடங்குங்கள். காலே இல்லாத முக்காலிதான், ஆனால் உட்கார அருமையாக இருக்கும். ஒட்டவே வேண்டாம், கட்டினால் போதும். ஒட்டிவிட்டால் தவறு நேர்ந்தாலும் பிரிக்க முடியாது. கட்டியதை எத்தனை முறை வேண்டுமானாலும் அவிழ்த்துச் சரிசெய்யலாம்.

உங்களுடையது ஏ4 அளவு, நூறு பக்க இதழ் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்று ஏறத்தாழ 200 கிராம், 4 மில்லிமீட்டர் கனம் இருக்கும். எழுபத்தைந்து இதழ்களை அடுக்கினால் 30 செ.மீ. உயரம். இப்படி இரண்டு அடுக்குகளை ஒட்டினாற்போல் நிறுத்தினால் 42க்கு 30 செ.மீ. அளவில் ஒரு இருக்கை கிடைக்கும். மொத்த எடை 30 கிலோவை நெருங்கும், அதனால் எங்கே போடப்போகிறீர்களோ அங்கேயே வைத்துக் கட்டுங்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நடுவில் பின் அடித்த இதழ்களுக்கு முதுகுப்பக்கம் தடிப்பாக இருக்கும். எல்லா முதுகையும் ஒரே பக்கம் வைத்தால் இருபது இதழ் தாண்டுவதற்குள் அடுக்கு சாய்ந்துவிடும். ஐந்து இதழ் முதுகு இடப்பக்கம், அடுத்த ஐந்து வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். மேலேயும் கீழேயும் 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒவ்வொன்று. அதன்மேல் நல்ல கனமாக எதையாவது ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். இதழ்களுக்கு இடையில் இருக்கும் காற்று வெளியேறி அடுக்கு கண்ணெதிரே இறங்கும். அப்புறம் பக்கிள் வைத்த லக்கேஜ் பெல்ட்டால் நீளவாக்கில் இரண்டு, குறுக்கே இரண்டு இறுக்குங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை இறுக்க வேண்டியிருக்கும். மேலே ஒரு மெத்தை போட்டால் வேலை முடிந்தது.

மதுரை வாசகர்: எங்கள் அப்பா, "காகிதம் ஆள் எடையைத் தாங்குமா?" என்று கேட்கிறார். அவர் 80 கிலோ.

தாராளமாகத் தாங்கும். நெருக்கமாக அடுக்கிய காகிதம் மேலிருந்து வரும் பாரத்தை மரக்கட்டை மாதிரியே வாங்கிக்கொள்ளும். அடுக்கு தளர்ந்து வழுக்குவதும் ஈரம் ஏறுவதும்தான் அதற்கு ஆகாதவை.

அப்பாவிடம் இரண்டு சேதி சொல்லுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ராக்போர்ட் என்ற ஊரில் எலிஸ் ஸ்டென்மன் என்ற பொறியாளர் 1922-இல் செய்தித்தாளால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். சட்டமும் கூரையும் மரம், சுவர்கள் அடுக்கடுக்காக ஒட்டி வார்னிஷ் பூசிய செய்தித்தாள். உள்ளே நாற்காலி, மேசை, விளக்கு எல்லாம் சுருட்டிய செய்தித்தாளில் செய்தவை. வீடு இன்றும் நிற்கிறது, ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள். இரண்டாவது, ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான். 1995-இல் கோபே நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்குக் காகிதக் குழாய்களைச் சுவராக நிறுத்தி வீடு கட்டிக்கொடுத்தார். 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு நம் குஜராத்தின் புஜ்ஜிலும் அதே முறையில் கட்டினார். 2014-இல் அவருக்குக் கட்டடக் கலைக்கான உலகப் பெரும் பரிசான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

சேலம் வாசகர்: பக்கங்களைக் குழாயாகச் சுருட்டி ஒரு சின்ன மேசை செய்தேன் அக்கா. கால்கள் மடங்கிவிட்டன. எங்கே தவறு?

இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒன்று, குழாய் தொளதொளவென்று இருந்திருக்கும். சைக்கிள் ஸ்போக் கம்பியைத் தாளின் ஒரு மூலையில் சாய்வாக வைத்து, கம்பியோடு சேர்த்து இறுக்கமாக உருட்டுங்கள். கடைசி மூலையில் மட்டும் ஒரு பொட்டு பசை. பசை பிடித்ததும் கம்பியை உருவிவிடுங்கள். உருட்டிய குழாயை விரலால் அழுத்தினால் சப்பையாகக் கூடாது. ஆனால் அதைத் தனி ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு இறுக்கினாலும் வளையும், அதனால் ஒரு காலுக்குக் குறைந்தது முப்பது குழாய்களைக் கட்டாகச் சேர்த்து, மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் சணல் கயிறு சுற்றுங்கள்.

இன்னொன்று, காகிதக் குழாய் நெட்டுக்குத்தாக நின்றால் பாரம் தாங்கும், படுக்கையாக வைத்து நடுவில் பாரம் ஏற்றினால் மடங்கும். மேசையின் குறுக்குச் சட்டத்தையும் குழாயிலேயே செய்திருந்தால் அதை எடுத்துவிட்டு ஒரு மரச்சட்டம் போடுங்கள். எல்லாமே காகிதமாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். நான்கு காலுக்குப் பதிலாக, நூறு நூற்றைம்பது குழாய்களை வட்டமாக ஒரே கட்டாக நிறுத்தி, மேலே வட்டப் பலகை வைப்பது இன்னும் உறுதி. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

தஞ்சாவூர் வாசகி: எந்தப் பசை நல்லது? கடையில் வாங்கும் வெள்ளைப் பசை கட்டுப்படியாகவில்லை.

மைதா பசையே போதும் அம்மா. ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதித் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் ஊற்றிக் கிளறுங்கள். கண்ணாடி போல வந்ததும் இறக்கிவிடலாம்.

மைதாவைத் தேடிப் பூச்சி வரும். அதற்குத்தான் பைண்டிங் கடைகளில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். பசை ஆறியபிறகு இரண்டு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் வைத்தே கலக்க வேண்டும், ஏனென்றால் அது இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். மயில்துத்தம் விஷம். கையுறை போடுங்கள், கலக்கிய பாத்திரம் மறுபடி சமையலறைக்குள் போகவே கூடாது. குழந்தைகள் இருக்கும் வீடென்றால் அதை விட்டுவிட்டு வெந்தயத்துக்குப் போங்கள். நம் பாட்டிமார்கள் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டுரலில் அரைத்துக் கூடையும் தட்டும் செய்தார்களே, அதே வெந்தயம்தான். ஊறவைத்து நைசாக அரைத்துப் பசையோடு கலந்தால் பிடிமானமும் கூடும்.

நாகர்கோவில் வாசகர்: வழவழப்பான பக்கங்களில் மைதா பசை நிற்கவில்லையே?

அந்தத் தாளின் மேல் வெள்ளைக் களிமண் பூச்சு இருக்கிறது, பசை எளிதில் உள்ளே இறங்காது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் வழவழப்புத் தாளைக் கட்டும் வேலைக்கு ஒதுக்கிவிட்டு, சாணித்தாள் போன்ற மட்டமான தாளை ஒட்ட எடுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி வாசகி: எங்கள் வீட்டில் கரையான் தொல்லை உண்டு. ராமபாணப் பூச்சியும் புத்தகங்களைத் துளைத்திருக்கிறது. இதெல்லாம் செய்யலாமா?

கரையான் இப்போதும் தென்படுகிறதென்றால் செய்யாதீர்கள். நூற்றுக்கணக்கான இதழ்களைத் தரையோடு அடுக்குவது அதற்கு விருந்து வைப்பது போலத்தான். முதலில் வீட்டுக்கு மருந்து அடித்து, ஒரு மழைக்காலம் போகட்டும்.

அப்புறம் செய்யும்போது, அடிப்பலகைக்குக் கீழே நான்கு ரப்பர் புஷ் வைத்து இரண்டு அங்குலம் தூக்கிவிடுங்கள். தரை துடைக்கும் தண்ணீரும் ஏறாது, கரையான் மண் கட்டினாலும் கண்ணில் படும். சுவரை ஒட்டிப் போட வேண்டாம். அடுக்குவதற்கு முன் இதழ்களை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு எடுங்கள். ராமபாணத்துக்கு ஏடு வைத்திருந்தவர்கள் கண்ட வழி வசம்பு. இடித்துத் துணியில் முடிந்து அடுக்கின் நடுவே நாலைந்து இடத்தில் வைக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள், வருடத்துக்கு ஒருமுறை அவிழ்த்துப் பார்க்கத்தான் வேண்டும். நான் பார்ப்பது பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது.

சென்னை வாசகர்: தாத்தா சேர்த்த 1950-களின் இதழ்கள், பைண்ட் செய்த தொடர்கதைகள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. இவற்றிலும் செய்யலாமா?

தயவுசெய்து வேண்டாம். இதை உங்கள் கையைப் பிடித்துச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஓவியங்கள், விளம்பரங்கள், வாசகர் கடிதங்கள் எல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கின்றன, எங்கேயும் மறுபதிப்பு ஆகாதவையும் அவற்றில் இருக்கும். தாளும் பழுத்து நொறுங்கும் நிலையில் இருக்கும், பாரமும் தாங்காது.

சென்னையிலேயே தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994-இல் தொடங்கியது. முதலில் எந்த ஆண்டு, எந்த இதழ் என்று ஒரு பட்டியல் எழுதி அவர்களிடம் கேளுங்கள். உங்கள் தாத்தா சேர்த்ததைப் போலச் சேர்த்துத்தான் அவரும் அப்படி ஒரு செல்வத்தை விட்டுப்போனார்.

திருநெல்வேலி வாசகி: பூஜை அறையில் விளக்கு வைக்க ஒரு மணை செய்யலாமா?

வேண்டாம். விளக்கு, கொசுவத்திச் சுருள், கேஸ் அடுப்பு மூன்றுக்கும் பக்கத்தில் காகிதச் சாமான் வரவே கூடாது. வார்னிஷ் பூசியிருந்தால் இன்னும் வேகமாகப் பற்றும்.

ஈரோடு வாசகர்: போன வருடம் உங்கள் முறையில் செய்த முக்காலி ஒரு பக்கம் இறங்கிவிட்டது. பெல்ட்டை இறுக்கினாலும் நிமிரவில்லை.

இறங்கிய பிறகு பெல்ட்டை இறுக்குவதில் பயனில்லை தம்பி, முழுக்க அவிழ்த்துவிடுங்கள். அநேகமாக நடுவில் எங்கோ பத்துப் பதினைந்து இதழ்களின் முதுகு ஒரே பக்கமாக வந்திருக்கும். அதைக் கண்டுபிடித்துத் திருப்பி வையுங்கள். நமுத்துப்போன இதழ் இருந்தால் எடுத்துவிட்டு அதே கனத்தில் வேறொன்றைச் செருகுங்கள். மறுபடி இரண்டு நாள் பாரம் ஏற்றி, பிறகு கட்டுங்கள். அரை நாள் வேலைதான். எங்கள் வீட்டில் அது அரை நாளில் முடியாது. அவிழ்த்ததும் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பழைய சமையல் குறிப்பு வந்த இதழை எடுத்துக்கொண்டு, தான் படித்து முடித்த ஒன்றைக் கொடுத்து, "இதை வைத்துக் கட்டு" என்பார்.