கோயில் முற்றத்தில் ஒரு கெபி கட்டலாமா?

கட்டடத்துக்கு வெளியே சிறிதாக எதையாவது எழுப்ப நினைக்கும் அமெரிக்கத் தமிழ்ச் சபையார் கேட்டவற்றுக்கு மட்டும் இந்த முறை பதில்.

நியூஜெர்சியில் எங்கள் பங்குக் கோயில் முற்றத்தில் எட்டு அடி உயரத்தில் வேளாங்கண்ணி மாதா கெபி (சிலை வைக்கும் குகை வடிவச் சிறு மாடம்) கட்ட ஒருவர் பணம் தருகிறார். நிலம் கோயிலுடையது. இதற்கும் அனுமதி வாங்க வேண்டுமா?

பெரும்பாலும் ஆம். நிலம் உங்களுடையதாக இருந்தாலும், அதில் எதை எங்கே வைக்கலாம் என்பதை டவுன்ஷிப்பின் (உள்ளூராட்சியின்) மண்டல விதிதான் (zoning) சொல்கிறது. கெபியைப் பொதுவாகத் துணைக் கட்டுமானம், அதாவது முதன்மைக் கட்டடத்தைச் சார்ந்த சிறு கட்டுமானம் என்று எடுத்துக்கொள்வார்கள். எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, எவ்வளவு உயரம், முன்முற்றத்தில் வருகிறதா என்று பார்ப்பார்கள். பல ஊர்களில் துணைக் கட்டுமானம் முன்முற்றத்தில் வரவே கூடாது. நம்மவர்களோ மாதா சாலையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்பார்கள்! தெருமுனை மனையாக இருந்தால் இன்னும் சங்கடம்: இரண்டு தெருப் பக்கங்களையும் முன்முற்றமாகவே கணக்கிடுவது வழக்கம்.

சர்வே வரைபடத்தின் நகல் ஒன்றில் கெபியின் இடத்தைப் பென்சிலால் குறித்து, எல்லை வரை எத்தனை அடி என்று எழுதிக்கொண்டு மண்டல அதிகாரியைப் போய்ப் பாருங்கள். நான்கடி உள்ளே தள்ளினால் விதிக்குள் அடங்கிவிடும் என்றால் தள்ளிவிடுங்கள். அடங்காது என்றால்தான் டவுன்ஷிப்பின் மண்டல போர்டிடம் விதிவிலக்கு கேட்க வேண்டும். சிலைக்கு முன்பணம் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

விதிவிலக்குக்கு விண்ணப்பித்திருக்கிறோம். போர்டின் பொது விசாரணையில் அக்கம்பக்கத்தார் எதிர்ப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் நோட்டீஸைக் கவனியுங்கள். நியூஜெர்சிச் சட்டப்படி, உங்கள் மனையிலிருந்து 200 அடிக்குள் சொத்து வைத்திருக்கும் எல்லோருக்கும் விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பே நேரிலோ சான்றஞ்சலிலோ தெரிவிக்க வேண்டும்; பொது அறிவிப்பும் வெளியாக வேண்டும். பெயர்ப் பட்டியலை டவுன்ஷிப்பே தரும். அதில் ஒருவரை விட்டாலும் அன்றைய விசாரணை நடக்காமல் போகலாம்.

அண்டை வீட்டாருக்கு மாதாவின் மேல் கோபம் இருப்பது அரிது. அவர்கள் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு வரும் படத்தில் பெரும்பாலும் இருப்பது அவர்கள் வீட்டு வாசலை மறித்து நிற்கும் கார்தான். கேட்கப்போவதும் தெரிந்ததே: விளக்கு இரவு முழுதும் எரியுமா, ஒலிபெருக்கி உண்டா, செப்டம்பர் 8 திருவிழாவுக்கு எத்தனை கார் வரும்? விசாரணைக்கு முந்தைய வாரமே அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிப் பேசிவிடுங்கள். விளக்கைக் கீழ்நோக்கி அமைத்துப் பத்து மணிக்கு அணைப்போம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், போர்டு அதையே நிபந்தனையாக்கி அனுமதி தர வழி பிறக்கும். சபை கார்ப்பரேஷனாகப் பதிவாகியிருந்தால் வழக்கறிஞர்தான் விண்ணப்பத்தை நடத்த வேண்டும். பங்குத்தந்தை சாட்சியாகப் பேசலாம்.

மத நிறுவனங்களின் நிலப் பயன்பாட்டைக் காக்கத் தனிச் சட்டமே இருக்கிறதாமே? அதைக் காட்டினால் போதாதா?

இருக்கிறது. டெக்சாஸின் பெர்னி (Boerne) நகரில் கூட்டம் கொள்ளாத கத்தோலிக்கக் கோயிலை விரிவாக்க அனுமதி மறுக்கப்பட்டு, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1997-இல் தேவாலயத் தரப்பு தோற்றது. அதன்பின் 2000-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இந்தச் சட்டத்தை (சுருக்கமாக RLUIPA) இயற்றியது. வலுவான காரணமின்றி வழிபாட்டுக்குப் பெருஞ்சுமை ஏற்றக் கூடாது, மதமல்லாத கூட்டங்களைவிட மோசமாக நடத்தக் கூடாது என்கிறது அது.

உங்கள் விஷயத்துக்கு நெருக்கமானது மிச்சிகனின் ஜெனோவா டவுன்ஷிப் வழக்கு. ஒரு கத்தோலிக்க அமைப்பு தன் 40 ஏக்கர் நிலத்தில் சிலுவைப் பாதை நிலைகளை வைத்தது. டவுன்ஷிப் அதைத் தேவாலயக் கட்டடம்போலக் கருதிச் சிறப்பு அனுமதி கேட்டது. பிறகு அதையும் மறுத்தது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டவுன்ஷிப்புக்கு எதிராக இடைக்காலத் தடை விதிக்க உத்தரவிட்டு அமைப்பின் பக்கம் நின்றது.

ஆனால், விண்ணப்பமே போடாமல் இந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கெபியைப் பத்தடி தள்ளி வையுங்கள் என்பதைப் பெருஞ்சுமை என்று எந்த நீதிபதியிடம் சொல்வது?

பாஸ்டன் அருகே இருக்கிறோம். சிறிய மணிக்கூண்டு கட்ட ஆசை.

உங்கள் மாநிலம் தாராளமானது. மாசசூசெட்ஸில் மதப் பயன்பாட்டை மண்டல விதியால் தடுக்க முடியாது. உயரம், இடைவெளி, பார்க்கிங் போன்றவற்றில் நியாயமான கட்டுப்பாடு மட்டும் விதிக்கலாம். பெல்மான்ட் மோர்மன் ஆலயத்தின் உயர்ந்த கோபுரத்தையே 2001-இல் மாநில உச்ச நீதிமன்றம் அனுமதித்தது.

ஓர் அமெரிக்கச் சபையின் கட்டடத்தில் ஞாயிறு மாலை வாடகைக்குக் கூடுகிறோம். பொருள் வைக்க ஒரு சிறு கொட்டகை போடலாமா?

நிலத்துக்காரர் கையெழுத்தில்லாமல் விண்ணப்பமே ஏற்கப்படாது. முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். பிறகு அவர்களிடம் கேளுங்கள்.

போர்டு மறுத்துவிட்டால்?

நியூஜெர்சியில், முடிவு குறித்த அறிவிப்பு வெளியான 45 நாளுக்குள் மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். அதைவிட, வாக்கெடுப்புக்கு முன்பே தலையை எண்ணுங்கள். பயன்பாடு சார்ந்த விதிவிலக்கு (அந்த மண்டலத்தில் அனுமதியில்லாத பயன்பாட்டுக்கானது) என்றால் ஏழு பேர் கொண்ட போர்டில் ஐந்து வாக்கு வேண்டும். அன்று மாலை ஐந்து பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கும்படி உங்கள் வழக்கறிஞர் கேட்கட்டும்.