வேலை முடிந்து அரை மணி நேரம் விளையாட எந்த மாயாஜால ஆன்லைன் கேம் நல்லது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து கேட்கிறீர்கள், மனசு கொஞ்சம் லேசானால் போதும் என்கிறீர்கள். அப்படியானால் என் ஓட்டு ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்புக்கு. அந்த விளையாட்டே 0.6 நொடிக்கு ஒரு முறைதான் அசையும். இணையம் கொஞ்சம் திணறினாலும் பெரிதாகத் தெரியாது. விளையாட்டில் மீன் இருக்கும் இடத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு, அடுப்பில் இருக்கும் பருப்பைக் கிண்டிவிட்டு வாருங்கள், பை பாதி நிரம்பியிருக்கும். கரண்ட் போனால் (போகாத ஊரா இது!) அதே கணக்கில் போனிலேயே தொடரலாம்.

கதை வேண்டுமென்றால் ஃபைனல் ஃபேண்டஸி 14. இலவசமாகவே 70-வது லெவல் வரை போகலாம், ஆனால் வசனம் நீளம், எனக்குத் தூக்கம் வந்துவிடும். கில்ட் வார்ஸ் 2-க்கு மாதச் சந்தா இல்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் 20-வது லெவலுக்கு மேல் சந்தா கட்ட வேண்டும். எப்போதாவது விளையாடுபவருக்கு அந்த ராண்ட் பணம் வீண்.