அதிக கிரிப் உள்ள டயர் மாட்டினால் டிராக்கில் நம் ஓட்டுதலில் உள்ள குறைகள் மறைந்துவிடுமா?

கேள்வியின் சுருக்கம்: ஊர் மார்த்தாண்டம், வண்டி யமஹா ஆர்15 வி4. கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் முதல் டிராக் டேக்கு (சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பழகும் நாள்) போகிறார். நண்பர்களில் ஒருவர் சாஃப்ட் காம்பவுண்ட் டயர், அதாவது மென்மையான ரப்பரில் செய்த, நன்றாக ஒட்டும் டயர் மாட்டச் சொல்கிறார். இன்னொருவர், "நல்ல டயர் உன் தப்பையெல்லாம் மூடிவிடும், கம்பெனி டயரிலேயே பழகு" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்:

இரண்டாவது நண்பர் சொல்வது பாதி சரி. கிரிப் சில தப்புகளை மறைக்கும், சிலதைத் தொடவே தொடாது, ஒன்றிரண்டைப் பெரிதாக்கியும் விடும். எது மறையும் என்பது டயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, வண்டியின் பவரையும் பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வளைவில் டயருக்கு உள்ள பிடியை ஒரு கையிருப்பு என்று வையுங்கள். வண்டியைத் திருப்ப ஒரு பங்கு போகும். மீதி உள்ளதில்தான் பிரேக்கோ த்ரோட்டிலோ எடுக்க முடியும். 40 டிகிரி லீனில் (வண்டியின் சாய்வில்) திரும்ப மட்டும் சுமார் 0.84 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) செலவு. டயர், தார் இரண்டும் சேர்ந்த உராய்வுக் கெழு 0.9 என்று கொண்டால் பிரேக்குக்கு மிஞ்சுவது 0.33 ஜி. அதுவே 1.2 என்றால் 0.86 ஜி மிஞ்சும். (நேராகக் கழிக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துச் செங்கோண முக்கோணக் கணக்கு இது: கர்ணம் மொத்தப் பிடி, ஒரு பக்கம் திருப்பம், மறுபக்கம் பிரேக்.) மொத்தப் பிடி மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, ஆனால் லீனில் இருக்கும்போது பிரேக்கில் செய்யும் தப்புக்குக் கிடைக்கும் இடம் இரண்டரை மடங்காகிவிட்டது. டயர் குறையை மறைக்கிறது என்று சொல்வதன் அடிப்படை இதுதான். இங்கே 0.9, 1.2 இரண்டும் விளக்கத்துக்கு எடுத்த எண்கள். உங்கள் டயரின் எண் வெயில், தார், காற்றழுத்தம் எல்லாவற்றோடும் மாறும்.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். ஆர்15 வி4 சுமார் 18 குதிரைத்திறன், 142 கிலோ. முழு லீனில் முழு த்ரோட்டில் திருகினால் ஒழிய, காய்ந்த தாரில் பின் வீலை வழுக்க விடும் பலம் இந்த எஞ்சினுக்கு இல்லை. போதாததற்கு டிராக்‌ஷன் கன்ட்ரோலும் (பின் வீல் வழுக்கினால் பவரைக் குறைக்கும் வசதி) இருக்கிறது. ஆகவே த்ரோட்டில் தப்பு உங்கள் கம்பெனி டயரிலேயே மறைந்துதான் இருக்கிறது. 40 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள ஆர்சி 390 மாதிரி வண்டிக்கு மாறும் நாளில்தான் அது வெளியே வரும். உங்கள் வண்டியில் சாஃப்ட் டயர் புதிதாக மறைக்கப் போவது முன் வீல் தப்புகளை.

அதில் முதலாவது பிரேக்கை வெடுக்கென்று பிடிப்பது. லிவரைத் தொட்டதும் எடை முன்னால் வர, ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) அமுங்க, டயர் தரையில் விரிய ஒரு கணம் வேண்டும். அந்தக் கணத்துக்கு முன்பே முழு விசை கொடுத்தால், சுமை ஏறாத டயரிடம் பிடி கேட்கிறோம். சாஃப்ட் டயர் அதையும் தாங்கிக்கொள்ளும். கம்பெனி டயரில் லேசாகக் கீச்சிடும், ஏபிஎஸ் துடிக்கும். அந்தத் துடிப்புதான் உங்களுக்குக் கிடைக்கும் மார்க் ஷீட். ஆனால் ஆர்15-ல் உள்ளது லீனை அளந்து வேலை செய்யும் ஏபிஎஸ் அல்ல. நிமிர்ந்த வண்டியில் காப்பாற்றுகிற அளவு, சாய்ந்த வண்டியில் காப்பாற்றும் என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது பிரேக்கை விடும் விதம். பலர் பிடிப்பதைப் பழகுவார்கள், விடுவதைப் பழகுவதில்லை. வளைவுக்குள் பிரேக்கோடு நுழைந்து, பயம் தீர்ந்ததும் லிவரைப் பட்டென்று விட்டால் ஃபோர்க் மேலே துள்ளும், முன் டயரின் சுமை குறையும், வண்டி லைனை (நாம் போக நினைத்த பாதையை) விட்டு வெளியே ஓடும். லீன் கூடக் கூட விரல் பைய விட வேண்டும். கிரிப் அதிகமுள்ள டயரில் வண்டி வெளியே ஓடினாலும் இன்னும் கொஞ்சம் சாய்த்துச் சமாளித்துவிடலாம். அப்படிச் சமாளித்த ஒவ்வொரு முறையும் அந்தத் தப்பு பழக்கமாக இறுகும்.

மூன்றாவது லைன், மறைவதில் பெரியது இது. ஓட்டுகிறவருக்கே தெரியாது. 30 மீட்டர் ஆரம் உள்ள பாதையில் மணிக்கு 54 கி.மீ. போனால் தேவையான லீன் சுமார் 37 டிகிரி. அதே வளைவில் வெளி ஓரத்திலிருந்து தொடங்கி, தாமதமாக உள்ளே வந்து, பாதையை 40 மீட்டர் ஆரமாக விரித்தால் அதே வேகத்துக்கு 30 டிகிரி போதும். டயர் அகலம் கணக்கில் வந்தால் இரண்டிலும் சில டிகிரி கூடும், வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். ஏபெக்ஸை, அதாவது வளைவின் உள் ஓரத்தைத் தொடும் புள்ளியை, சீக்கிரம் தொடுகிறவர் வெளியேறும் இடத்தில் பாதை தீர்ந்துபோய் இன்னும் சாய்க்கிறார். சாதா டயர் அங்கே எச்சரிக்கும், சாஃப்ட் டயர் ஒன்றும் சொல்லாது.

உட்காரும் விதமும் இதில் சேரும். இடுப்பை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு, தலையையும் தோளையும் டேங்குக்கு அந்தப் பக்கமே வைத்திருப்பவர்கள் நிறைய. போட்டோவில் நன்றாக இருக்கும், எடை நகர்ந்திருக்காது. உடம்பின் எடை மையம் உண்மையிலேயே 12 செ.மீ. உள்ளே வந்தால், உங்கள் வண்டிக்கு சுமார் 4 டிகிரி லீன் மிச்சம். பின் டயர் ஓரம்வரை தேய்ந்திருக்கிறது என்று பெருமைப்படுகிறவரின் வேகத்தையும் கேளுங்கள். அதே வளைவில் அதே வேகத்தில் இன்னொருவர் ஓரத்தில் ஒரு விரல் அகலம் மீதி வைத்துப் போகிறார் என்றால், ஓட்டத் தெரிந்தவர் அவர்தான்.

எந்த டயராலும் மறைக்க முடியாத குறை ஒன்று உண்டு: ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பது. இதைப் பார்க்கக் கோவைவரை போக வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகும் மாதங்களில் முப்பந்தல் காற்றாலைகளைக் கடக்கும்போது கவனியுங்கள். பக்கவாட்டுக் காற்றில் வண்டி ஆடினால், அந்த ஆட்டத்தில் ஒரு பங்கு உங்கள் முழங்கையிலிருந்து வருகிறது. முட்டியால் டேங்கை அணைத்து, கையைத் தளர விட்டால் அந்தப் பங்கு உடனே அடங்கும். டிராக்கில் கை இறுகினால் நடு வளைவில் தெரியாமலே ஸ்டியரிங் கொடுத்துக்கொண்டிருப்போம். முன்கை சீக்கிரம் கடுக்கும். அதற்கு டயர் மருந்தல்ல.

சாஃப்ட் டயர் பெரிதாக்குகிற குறைகளும் உண்டு. பிடி கூடினால் ஃபோர்க் இன்னும் ஆழமாக அமுங்கும், பின் ஷாக் இன்னும் வேலை செய்யும். பழைய ஃபோர்க் ஆயில், தளர்ந்த ஸ்டியரிங் பேரிங் எல்லாம் அப்போதுதான் வெளியே தெரியும். ஃபுட்பெக், சைடு ஸ்டாண்டு தரையில் உரசும். பெக் மடங்கும், ஆனால் மடங்காத இரும்பு ஏதாவது ஊன்றினால் வீலைத் தரையிலிருந்து தூக்கிவிடும். டயர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே விழுவது அப்படித்தான்.

இதைவிட முக்கியம் சூடு. ரேஸ் காம்பவுண்ட் டயர் தன் வெப்பநிலைக்கு வந்தால்தான் ஒட்டும். ரேஸ் பிட்டுகளில் வார்மர் போர்வை சுற்றி 80 டிகிரி அளவில் வைத்திருப்பது அதற்காகத்தான். வார்மர் இல்லாமல், புதியவர் வேகத்தில் சுற்றினால் அந்த டயர் சூடேறாது. ஆறிய ரேஸ் டயரைவிட நல்ல ரோடு டயரே நன்றாகப் பிடிக்கும். காசு கொடுத்துப் பிடியைக் குறைத்துக்கொண்ட கதையாகும்.

குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வடியும் ஊர்க்காரர் என்பதால் ஒரு இடைச்செருகல்: ஒட்டும் டயரின் மேற்பரப்பில் பெரும்பங்கு செயற்கை ரப்பரும் சிலிகாவும் கார்பன் பிளாக்கும்தான். நம் ஷீட் ரப்பர் அதிகம் போவது லாரி டயருக்கு. உள்ளே சூடு குறைவாக ஏறுவது அதன் குணம்.

அப்படியானால் கம்பெனி டயரிலேயே பழகலாமா? ஐந்து வருடம் ஆன, கட்டிப்பட்ட டயரில் வேண்டவே வேண்டாம். பிடி குறைந்த டயர் மென்மையைக் கற்றுத் தரும் என்பது உண்மைதான். ஆனால் கூடவே முன் வீலை நம்பாதே என்றும் கற்றுத் தரும். அந்தப் பயம் வந்தவர் முன் பிரேக்கை லேசாகத் தொட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார், டிரெயில் பிரேக்கிங் (பிரேக்கைப் பிடித்தபடியே வளைவுக்குள் நுழைந்து பைய விடுவது) பக்கமே போகமாட்டார். பிறகு நல்ல டயர் மாட்டினாலும் அந்தப் பயம் லேசில் போகாது. டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2323 என்றிருந்தால் 2023-ன் 23-ஆம் வாரம் செய்தது. வயது குறைவு, தேய்மானம் சீராக இருக்கிறது, வெடிப்பு இல்லை என்றால் முதல் டிராக் டேக்குக் கம்பெனி டயர் போதும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஸ்போர்ட் வகை ரோடு டயர், அதே 100/80-17, 140/70-17 அளவில். பின்னால் 150 போட்டால் கெத்தாக இருக்கும் என்று சொல்லும் கடைக்காரரிடம் அகப்பட்டுக்கொள்ளாதீர்கள். ரிம்முக்கு மீறிய அகலம் டயரின் வளைவைக் கெடுக்கும், சாய்க்கும்போது வண்டி மந்தமாகத் திரும்பும்.

நம் மாவட்டத்திலிருந்து போகிறவர்களுக்கு என்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி, மதுரை வழியாகக் கோவை 400 கி.மீ.க்கு மேல். வண்டியை ஓட்டியே போனால் பெரும்பகுதி நேர்ச்சாலை, டயரின் நடுப்பகுதிதான் தேயும். சாஃப்ட் டயர் என்றால் அந்த ஒரு பயணமே நடுவைச் சப்பையாக்கத் தொடங்கிவிடும். சப்பையான டயர் சாய்க்கும்போது முதலில் அடம் பிடிக்கும், பிறகு விளிம்பு தாண்டியதும் தடாலென்று விழும். டிராக்கில் அதை "எனக்குத் திருப்பத் தெரியவில்லை" என்று எடுத்துக்கொள்வீர்கள். முடிந்தால் வண்டியை ஏற்றி அனுப்புங்கள்.

காற்றுக்கு சொந்தமாக ஒரு கேஜ் வாங்குங்கள், பங்க் மீட்டரை நம்ப வேண்டாம். ரோடு டயர் என்றால், டிராக்கில் டயர் ஆறியிருக்கும்போது மேனுவலில் சொன்னதைவிட 2, 3 பிஎஸ்ஐ குறைத்தால் போதும். ஓட்டிவிட்டு வந்த உடனே, நிழலில் அளந்து எழுதி வையுங்கள். 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ இருந்த டயருக்குள் காற்று 60 டிகிரி ஆனால் அழுத்தம் சுமார் 36.5 ஆகும். ஏற்றம் 3 முதல் 5-க்குள் என்றால் சரி. அதற்கு மேல் ஏறினால், தொடக்கத்தில் குறைவாக வைத்ததால் டயர் அதிகம் நெளிந்து சூடாகிறது என்பதே பெரும்பாலும் காரணம். ஒரு பிஎஸ்ஐ கூட்டுங்கள். அழுத்தம் ஏறவே இல்லை என்றால் டயர் வேலையே செய்யவில்லை. வெயில் உச்சியில் ரோடு டயர் சில லாப் கழித்து எண்ணெய் தடவினாற்போல நழுவத் தொடங்கும். அப்போது வேகத்தைக் குறைத்து உள்ளே வந்துவிடுங்கள்.

குறையைக் கண்டுபிடிக்க டயர் மாற்ற வேண்டியதே இல்லை. ஒரு செஷன் முழுக்க மூன்றாம் கியரில், பிரேக் தொடாமல், முக்கால் வேகத்தில் சுற்றுங்கள். கரி டிராக் சுமார் 2.1 கி.மீ.தான், சீக்கிரம் மனப்பாடமாகும். ஒவ்வொரு லாப்பிலும் அதே ஏபெக்ஸை ஒரு முழத்துக்குள் தொடுகிறீர்களா, வளைவில் த்ரோட்டிலைத் திறந்த பிறகு மறுபடி மூடுகிறீர்களா என்று மட்டும் பாருங்கள். மூடுகிறீர்கள் என்றால் சீக்கிரம் திரும்பியிருக்கிறீர்கள். அடுத்த செஷனில் பிரேக் சேர்த்து, பின்னால் வருகிறவரின் கேமராவில் உங்கள் பிரேக் லைட்டைக் கவனியுங்கள். சாய்வதற்கு வெகு முன்பே அணைந்தால் வளைவுக்குள் பிரேக் கொண்டுபோகவில்லை; நடு வளைவில் மறுபடி எரிந்தால் வேகத்தைத் தப்பாகக் கணித்திருக்கிறீர்கள். போன் ஜிபிஎஸ் விநாடிக்கு ஒரு புள்ளிதான் தரும். 80 கி.மீ. வேகத்தில் அதற்குள் 22 மீட்டர் ஓடிவிடும், ஏபெக்ஸே காணாமல் போகும். விநாடிக்கு 10 புள்ளி தரும் கருவி கிடைத்தால் வளைவுகளின் குறைந்தபட்ச வேகத்தை லாப் வாரியாக ஒப்பிடலாம். ஒரே வளைவில் அது லாப்புக்கு லாப் 5, 6 கி.மீ. ஏறி இறங்கினால் டயரைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை.

அந்த ஏற்ற இறக்கம் அடங்கி, எல்லா வளைவிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி டயர் நழுவத் தொடங்கும்போது சாஃப்ட் டயர் வாங்குங்கள், கொடுத்த காசு வேலை செய்யும். மோட்டோஜிபியில் 2016 முதல் எல்லோருக்கும் மிஷலின் டயர்தான். ஆனாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் லாப் முடிப்பதில்லை.

ஓட்டியே திரும்புவதாக இருந்தால், குறைத்த காற்றை ஏற்றாமல் ஹைவேயில் இறங்காதீர்கள். டயரின் இரு ஓரத்திலும் வெட்டு, கல் குத்து இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், பிரேக் பேடு கனத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.