மொபைல் வலைத்தளம் இருக்கும்போது தனியாக நேட்டிவ் ஆப் எதற்கு?

மொபைலில் ஒழுங்காகத் தெரிகிற வலைத்தளம் ஒன்று இருந்தால் போதாதா, தனியாக நேட்டிவ் ஆப் (ஸ்டோரிலிருந்து இறக்கிப் போனில் நிறுவுவது) எழுதத்தான் வேண்டுமா, இரண்டுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் சில வருடங்களாக எழுதி வருகிறேன். தோற்றத்தை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். நல்ல வலைத்தளம் ஆப் போலவே தெரியும், சுமாரான ஆப் பழைய வலைத்தளம் போலத் தெரியும். யார் வந்து கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதுதான்: போனைப் பூட்டிப் பைக்குள் போட்ட பிறகும் உங்கள் மென்பொருள் வேலை செய்துகொண்டிருக்க வேண்டுமா?

வலைத்தளம் பிரவுசருக்குள் குடியிருக்கிறது. பிரவுசர் எதை அனுமதிக்கிறதோ அதை மட்டும்தான் அது தொட முடியும். கேமரா, மைக், இருப்பிடம் எல்லாம் கேட்டால் கிடைக்கும். ஆனால் பக்கம் கண்முன் திறந்திருக்கும் வரைதான் அதை நம்பலாம். ஓடும் தூரத்தை அளக்கிற ஒன்றை வலைத்தளமாக எழுதினால், திரை அணைந்ததும் கணக்கு நின்றுபோகும். நேட்டிவ் ஆப் ஸ்விஃப்ட், காட்லின் போன்ற மொழிகளில் எழுதப்பட்டு, போனை இயக்கும் இயங்குதளத்தோடு (ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு) நேரடியாகப் பேசுகிறது. பயனர் அனுமதித்தால் பின்னணியிலும் ஜிபிஎஸ் வாங்கும். புளூடூத்தும் அப்படித்தான்: ஆண்ட்ராய்டு குரோமில் ஒரு வலைப்பக்கம் புளூடூத் கருவியோடு பேச முடியும், ஐபோன் சஃபாரியில் முடியாது.

நெட் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கள ஆய்வுக்குப் போகிறவர்கள் நிரப்பும் படிவம் ஒன்றை வலைத்தளமாகச் செய்து கொடுத்தேன். சிக்னல் இல்லாத இடத்தில் ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து நிரப்பி, அனுப்பும் பட்டனை அழுத்தினார். எல்லாம் போய்விட்டது. அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. தப்பு என்னுடையது. நெட் இல்லாதபோதும் பக்கத்தைத் திறக்க வைக்கிற சர்வீஸ் வொர்க்கர் என்ற வசதி குரோமில் 2015-லேயே வந்துவிட்டது. அதை வைத்துப் பக்கத்தையும், பிரவுசருக்குள் இருக்கும் இண்டெக்ஸ்டு டிபி (IndexedDB) என்ற சேமிப்பிடம் வழியாகத் தரவையும் போனிலேயே சேமித்திருக்கலாம். பிறகு அப்படித்தான் சரிசெய்தேன். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பயனர் சஃபாரியைப் பயன்படுத்திய ஏழு நாட்களில் ஒருமுறைகூட உங்கள் தளத்தின் பக்கம் வராமல் போனால், தளத்தின் ஸ்கிரிப்ட் (பக்கத்தில் ஓடும் நிரல்) சேமித்து வைத்த தரவை சஃபாரி அழித்துவிடும். முகப்புத் திரையில் சேர்த்த தளத்துக்கு அந்த விதி இல்லை, ஆனால் எத்தனை பேர் சேர்ப்பார்கள்?

இவ்வளவையும் படித்துவிட்டு ஆப்தான் உசத்தி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வலைத்தளத்தில் கூட்டல் தவறு ஒன்று இருந்தால், திருத்திப் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம். அடுத்து திறக்கிற எல்லாருக்கும் சரியான பதிப்பு கிடைக்கும். ஆப்பில் அதே திருத்தம் ஸ்டோரின் பரிசீலனையைத் தாண்ட வேண்டும், அப்புறம் ஒவ்வொருவரும் அப்டேட் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் செய்யாதவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய பழைய பதிப்போடும் உங்கள் சர்வர் பேசிக்கொண்டே இருந்தாக வேண்டும். ஆப் எழுதுகிற செலவைக் கணக்கிடும்போது பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் தனித்தனியாக எழுதினால் வேலை இரட்டிப்பு. ஒரே நிரலை இரண்டுக்கும் பயன்படுத்த உதவும் ஃபிளட்டர், ரியாக்ட் நேட்டிவ் போன்ற கருவிகள் அதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

இந்த இழுபறி புதிதும் இல்லை. 2007-ல் ஐபோன் வந்தபோது, சஃபாரியில் ஓடும் வலை ஆப்களை எழுதுங்கள் என்றுதான் ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்னார். அடுத்த வருடம் ஜூலையிலேயே ஆப் ஸ்டோர் திறந்துவிட்டது. ஃபேஸ்புக், பெரும்பகுதி எச்டிஎம்எல்5-ஐ (வலைப்பக்கங்களை எழுதும் தொழில்நுட்பம்) நம்பி ஓட்டிய தன் ஐபோன் ஆப்பை 2012-ல் நேட்டிவாக மாற்றி எழுதியது. வலையை அதிகமாக நம்பியது பெரிய தவறு என்று ஸக்கர்பர்க்கே ஒப்புக்கொண்டார். அதன் பிறகு வலை நிறைய முன்னேறியிருக்கிறது. 2023-ல் வந்த ஐஓஎஸ் 16.4 முதல், முகப்புத் திரையில் சேர்த்த வலைத்தளம் ஐபோனிலும் நோட்டிஃபிகேஷன் அனுப்பலாம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மக்கள் தேடுபொறி வழியாக வந்து, படித்து, ஒரு படிவம் நிரப்பிவிட்டுப் போகிற தளம் என்றால் வலைத்தளமே போதும். ஒரே ஒரு முறை தேவைப்படும் விஷயத்துக்காக ஆப்பை இறக்கச் சொல்வது அவர்கள் நேரத்தை மதிக்காத செயல் என்றே நினைக்கிறேன். தினமும் திறப்பார்கள், பின்னணியில் ஓட வேண்டும், கருவிகளோடு பேச வேண்டும் என்றால் தயங்காமல் நேட்டிவ் பக்கம் போங்கள். வலைத்தளத்தை அப்படியே ஒரு வெப்வியூவுக்குள் (ஆப்புக்குள் வலைப்பக்கத்தைக் காட்டும் பகுதி) போட்டு ஆப் என்று ஸ்டோருக்கு அனுப்புவதை மட்டும் தவிருங்கள். வெறும் வலைத்தள உறையாக இருக்கும் ஆப்களை ஆப்பிள் திருப்பி அனுப்பிவிடும். தப்பித்து உள்ளே போனாலும், இறக்கியவருக்கு பிரவுசரில் கிடைத்ததைத் தாண்டி ஒன்றும் கிடைக்காது.