அப்பாவுக்கு விசைப்படகில் பங்கு, தம்பிக்குச் சென்னையில் கல்லூரி: கைச்செலவை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: பாம்பன் பக்கம் எங்கள் ஊர். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறார். தம்பி தாம்பரம் பக்கம் தனியார் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான், மூன்று பேரோடு அறை எடுத்துத் தங்கப் போகிறான். கல்லூரிக் கட்டணத்தைச் சமாளித்துவிடுவோம். மாதா மாதம் செலவுக்கு எவ்வளவு, எப்படி ஒதுக்குவது?

பதில்:

மாதச் சம்பளக்காரர் வீட்டுக் கணக்கு உங்களுக்குச் சரிவராது. 'மாதம் 7,500 அனுப்புவோம்' என்று பேசி வைத்தால் செப்டம்பர் வரை ஓடும். வாடைக்காற்று தொடங்கிப் பாம்பனில் புயல் கூண்டு ஏறியதும் தடுமாறும். ஏப்ரலில் நின்றுவிடும். கடல் வீட்டுக்குக் கணக்கு மாதத்தில் இல்லை, கடலுக்குப் போகும் தடவையில் இருக்கிறது.

நம் பக்கம் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், ஏறக்குறைய 9 வாரம். மீதி 43 வாரத்துக்கு 129 தடவை வரும். அதில் கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் கொடுக்காத நாள், வேலைநிறுத்தம், திருவிழா, எஞ்சின் பழுது எல்லாம் கழித்து 100 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செலவுப் பக்கம். தம்பி சென்னையில் இருப்பது 10 மாதம். மாதம் 7,500 என்றால் 75,000. ஆனால் அறை வாடகை 12 மாதத்துக்கும் உண்டு. அவன் ஊருக்கு வந்துவிடும் இரண்டு மாதத்துக்கு அவன் பங்கு வாடகை 2,500 வீதம் 5,000. ஆக 80,000. நூறால் வகுத்தால் தடவைக்கு 800 ரூபாய். மீன் விற்றுப் பங்கு பிரித்துக் கைக்கு வந்த அன்றே இந்த 800 அம்மா பேரில் தனியாக ஒரு கணக்குக்குப் போக வேண்டும். மீன் பாடு இல்லாமல் டீசலுக்கே சரியாகப் போன தடவை 0. அடுத்த நல்ல பாட்டில் 1,600. ஆனியில் இறால் பாட்டைப் பார்த்துவிட்டு 'அப்புறம் போட்டுக்கொள்ளலாம்' என்று விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தடைக்காலத்தில் வாங்கிய கைமாற்று அந்தப் பணத்துக்குத்தான் வாசலில் காத்திருக்கும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒன்று: பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைக் கல்லூரி விடுதிக்கு விண்ணப்பித்தீர்களா? வருமான வரம்புக்குள் இருந்தால் அங்கே தங்குவதும் சாப்பாடும் இலவசம். இடம் கிடைத்தால் மேலே சொன்ன 7,500 இரண்டாயிரம் சொச்சத்துக்கு இறங்கிவிடும். 'அங்கே சாப்பாடு சரியில்லையாம்' என்ற கேள்விப்பேச்சுக்காக விண்ணப்பிக்காமலே விடுகிறவர்கள் அதிகம். ஒரு வருடம் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

அறைதான் என்றால் 7,500 இப்படிப் பிரியும். புறநகரில் 10,000 வாடகையில் நாலு பேர் என்றால் தலைக்கு 2,500. கரண்ட் 250, கேன் தண்ணீர் 150, போன் 300, பஸ்சும் மின்சார ரயிலும் 400, சோப்பு, முடிவெட்டு, துணி துவைப்பது 300, ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு 200. இதுவரை 4,100. மிச்சம் 3,400 வயிற்றுக்கு. அதில் அறைச் சமையலுக்கு 1,250, வெளிச் சாப்பாடு, டீ, கைச்செலவுக்கு 2,150. இடத்துக்கு இடம் நூறு இருநூறு மாறும், விகிதம் பெரிதாக மாறாது.

2,150 எப்படி வந்தது என்றால், வாரம் 500 வீதம் 4.3 வாரம். மாதத்துக்கு நாலு வாரம் என்று 2,000 வைத்தால் கடைசி இரண்டு மூன்று நாள் அந்தரத்தில் நிற்கும், அந்த நாளில்தான் நண்பனிடம் கடன் கேட்பது தொடங்கும். போன் ரீசார்ஜிலும் இதே கதை. 28 நாள் பேக் என்றால் வருடத்துக்கு 12 அல்ல, 13 முறை.

அந்த 500-ஐ மொத்தக் கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. யூபிஐ செயலிக்குள்ளேயே சின்னச் செலவுக்கென்று தனியாக இருக்கும் யூபிஐ லைட்டில் திங்கட்கிழமை காலையில் 500 ஏற்றிவிட்டு, டீக்கடை முதல் பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடை வரை அதிலிருந்து மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். அதில் அதிகபட்சம் 5,000 வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை போகும், பின் நம்பர் கேட்காது. பின் கேட்காததால் கை தாராளமாகும் என்பது உண்மைதான். ஆனால் தானாக நிரம்பும் வசதியை அணைத்து வைத்தால், புதன்கிழமை இரவு 90 ரூபாய் என்று திரையில் பார்த்ததும் அவனே சுதாரிப்பான். இந்தச் சின்னச் செலவுகள் வங்கிப் பாஸ்புக்கில் தனித்தனியாக வராது, ஏற்றிய தொகை மட்டும் வரும். அதனால் 'எதுக்குடா இந்த 15 ரூபாய்' என்று வீட்டிலிருந்து விசாரணையும் இருக்காது. ஒருவகையில் அதுவும் நல்லதுதான்.

15 ரூபாய் டீ ஒரு நாளைக்கு இரண்டு என்றால் மாதம் 900. மேலே சொன்ன 2,150-இல் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. காலை டீயை அறையில் போட்டுக்கொண்டு மாலை டீயை வெளியே வைத்துக்கொள்ளட்டும். மாலை டீ நண்பர்களோடு பேசும் நேரம், அதை நிறுத்தச் சொன்னால் கேட்க மாட்டான்.

காலைச் சாப்பாட்டுக்கு அறைக்குப் பக்கத்தில் அம்மா உணவகம் இருக்கிறதா பாருங்கள். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, இரவு இரண்டு சப்பாத்தி 3. நேரம் பிந்திப் போனால் தீர்ந்திருக்கும், எட்டு மணிக்குள் போய்விட வேண்டும்.

அறைச் சமையலில் பணம் கசியும் இடம் அடுப்பு. சென்னையில் பல வீட்டுக்காரர்கள் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8, 9 என்று வசூலிக்கிறார்கள். 2,000 வாட் இண்டக்ஷன் அடுப்பு முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் மாதம் 90 யூனிட், 9 ரூபாய் வீதம் 810. நாலு பேருக்குப் பிரித்தாலும் தலைக்கு 200, மேலே சொன்ன கரண்ட் பங்கில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். அடுப்பு வாங்குவதற்கு முன் யூனிட் விலையைக் கேட்க வேண்டும். விலை அதிகம் என்றால் 5 கிலோ சிலிண்டர் நல்லது. முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள், அடையாள அட்டை போதும்.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய இன்னொன்று, கடலோரப் பிள்ளைகள் மறந்துவிடுவது: 'அசைவம் சமைக்கலாமா?' 'சைவம் மட்டும்' என்று சொல்லும் வீடுகள் சென்னையில் ஏராளம். வாடகை 300 குறைவு என்று அங்கே போய்விட்டு, மீன் இல்லாமல் சோறு இறங்காதவன் ஞாயிறுதோறும் ஓட்டலில் 200 கொடுத்தால் மாதம் 800. கணக்கு அங்கேயே தோற்றுவிடும். அட்வான்ஸும் பேசித்தான் கொடுக்க வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய பழக்கம். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், தனியாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது.

அசைவத்துக்கு அனுமதி உண்டு என்றால் ஊரிலிருந்து நெத்திலிக் கருவாட்டைத் தொக்காக்கிக் கொடுத்துவிடுங்கள். கால் கிலோ நெத்திலிக்குத் தலை கிள்ளி, வெந்நீரில் இரண்டு முறை அலசி, துணியில் பரப்பி வெயிலில் மொறுமொறுவென்று காயவிடுங்கள். நல்லெண்ணெய் 100 மில்லியில் வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் குண்டு மிளகாய் 15, பூண்டு ஒரு முழுசு அரைத்த விழுதும், எலுமிச்சை அளவுப் புளியின் கெட்டிக் கரைசலும் ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை சுருட்டுங்கள். கடைசியில் நெத்திலியைப் போட்டுப் பிரட்டினால் போதும். உப்பு கருவாட்டிலேயே இருக்கிறது, ருசி பார்க்காமல் சேர்க்காதீர்கள். ஈரக் கரண்டி படாமல் இருந்தால் 15 நாள் தாங்கும். அலசிய ஈரம் சரியாகக் காயாமல் வறுத்தால் நாலாம் நாளே பூஞ்சை பிடிக்கும். பச்சைக் கருவாடாகக் கொடுத்துவிட்டால் மானாமதுரை தாண்டுவதற்குள் ரயில் பெட்டி முழுக்க முகம் சுளிக்கும். தொக்கு எவர்சில்வர் டப்பாவில் இருந்தால் வாசமே தெரியாது. கீழக்கரைக்காரர்களைப் போல மாசி (உலர்ந்த சூரை மீன்) வறுத்துப் பொடித்து வைத்தாலும் சரி, அது இதைவிட அதிக நாள் நிற்கும்.

ஊருக்கு வந்துபோக ரயிலில் மாணவர் சலுகை இருக்கிறது. சொந்த ஊருக்குப் போக ஸ்லீப்பரில் அடிப்படைக் கட்டணத்தில் பாதி, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 75 சதவீதம் கழிவு. கல்லூரி முத்திரையும் கையெழுத்தும் உள்ள சலுகைப் படிவத்தைக் கவுண்டரில் கொடுத்துத்தான் எடுக்க முடியும், ஆன்லைனில் கிடையாது. படிவம் அலுவலகத்தில் சில நாள் கிடக்கும், முன்பதிவோ 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். அதனால் தீபாவளிக்கு ஆகஸ்டு மாதமே, பொங்கலுக்கு அக்டோபர் மாதமே படிவத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தேர்வு தேதி மாறிப் பயணம் ரத்தானாலும், சில நாள் முன்பே ரத்து செய்தால் ஸ்லீப்பருக்கு 120 ரூபாய்தான் போகும். பண்டிகை நேரத்து ஆம்னி பஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. மின்சார ரயில் சீசனுக்கும் மாணவர் சலுகை உண்டு, அதற்கும் கல்லூரிப் படிவம் வேண்டும்.

மேலே சொன்ன 80,000-இல் ரயில் டிக்கெட், தேர்வுக் கட்டணம், புதுத்துணி, காய்ச்சல் செலவு எதுவும் இல்லை. தம்பி 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 அவன் கணக்குக்கே வரும் (பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண்). விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். அந்த 1,000-ஐ வாரச் செலவோடு கலக்காமல் இந்தச் சில்லறைப் பெரிய செலவுகளுக்கென்று விட்டுவிடுங்கள். பணம் வந்து சேரும்வரை கணக்கில் சேர்க்க வேண்டாம். மீனவர் நலவாரியத்தில் அப்பா உறுப்பினர் என்றால் கல்வி உதவித்தொகைக்கும் எழுதிப் போடுங்கள்.

தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயையும், சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 கட்டித் திரும்பக் கிடைக்கும் 4,500-ஐயும் தம்பி கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அது வீட்டு அரிசிக்கும் குழுக் கடன் தவணைக்கும் போகிற பணம்.

மார்ச் கடைசியில் அம்மா பேரில் இருக்கும் கணக்கில் குறைந்தது 12,500 நிற்க வேண்டும்: ஏப்ரல் செலவு முழுக்க, மே, ஜூன் வாடகைப் பங்கு 5,000. பிப்ரவரியிலேயே அது எட்டாது என்று தெரிந்தால் அப்போதே வீட்டுக்காரரிடம் பேசச் சொல்லுங்கள். கோடையில் இன்டர்ன்ஷிப்புக்கு வரும் பையன்கள் இரண்டு மாதத்துக்கு இடம் தேடுவார்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் தம்பியின் இடத்தில் ஒருவனை இருத்திவிட்டு, பெட்டியை நண்பன் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு ஊருக்கு வந்துவிடலாம்.